அமாவாசையிலும் ஓடிய தறி

சங்கரன்கோவிலிலிருந்து எலுமிச்சை வாங்க வந்த வியாபாரி ஒருவர்தான் செய்தியைச் சொன்னார். புளியங்குடியில் என் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே, "ஐயா, ஒங்க தங்கம்மா டாக்டர் தவறிட்டாவளாம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாவளாம்" என்றார். எனக்கு ஆள் அனுப்பவில்லை. அனுப்புவதற்கு அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்! அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

புத்தி பேதலித்தவர்களை ஜனங்கள் சங்கரன்கோவிலுக்குக் கூட்டி வருவதும், அம்மன் சன்னதியில் கிடத்துவதும், புற்றுமண் பூசுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. படித்த நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். தங்கம்மா டாக்டர் கிறிஸ்தவர்; ஆனாலும் அவர் சிரித்ததில்லை. "கோவில்ல இருக்குத வரைக்கும் பக்கத்துல நாலு மனுசரு இருக்காவ. வீட்டுக்குப் போனபெறவு என்ன ஆகுதாவ? அதையில்லா பாக்கணும்" என்பார். சுதந்திரம் வந்த புதிதில், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் பாதையெல்லாம் நடந்து அவர்கள் வீடுகளுக்கே போனார். நானும் என் பக்கத்து ஊர்களில் அதே வேலையைத் தொடங்கினேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை, சங்கரன்கோவில் பள்ளிக்கூடக் கட்டடத்தில், அதுவரை தெரிந்துகொண்டதை ஊராருக்கே சொல்லுவோம். வேலை முழுக்க முடியட்டுமே, பிறகு சொல்லலாம் என்று நான் முனகுவேன். "முடிச்சிட்டுச் சொன்னா கைதட்டிட்டுப் போயிருவாவ. பாதியில சொன்னாத்தான், நீ சொல்லுதது தப்புன்னு ஒருத்தராவது எந்திரிப்பாவ" என்பார். நெசவாளர், வாத்தியார், வண்டிக்காரர் என்று எல்லாரும் வந்து உட்காருவார்கள். பேர் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் எங்கள் கட்டுப்பாடு.

ஒரு சனிக்கிழமை அவருக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! நெசவாளர் குடும்பம் ஒன்றைப் பற்றி அவர் பேசினார். மூத்த மகனைப் பின்கட்டில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் தறி ஓடினால் அடங்கித் தூங்குவான், நின்றால் அலறுவான். அதனால், தறிக்காரர்கள் எல்லாரும் வேலையை நிறுத்துகிற அமாவாசையன்றும் அந்த வீட்டில் தறி ஓடும். "மருந்து நம்மகிட்ட இல்ல. அந்தத் தாயும் தகப்பனும்லா கண்டுபிடிச்சிருக்காவ" என்று சொல்லிக் கண் கலங்கினார். பேர் சொல்லவில்லை, தெருவும் சொல்லவில்லை. ஆனால் அமாவாசையில் தறி ஓடும் வீடு ஊரிலேயே ஒன்றுதான். காசுப் பேய் பிடித்த வீடு என்று அதுவரை ஏசியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகன் வெளியூரில் வேலை பார்ப்பதாகத்தான் அந்த வீட்டார் சொல்லி வைத்திருந்தார்கள். மகளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் அந்த வாரமே நின்றது. தகப்பனார் தங்கம்மா டாக்டரைத் தேடி வந்தார்; நானும் அன்று அங்கே இருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "காசுப் பேயின்னு ஏசட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தோம். அந்த மறைவையும் பிடுங்கிட்டியளே, அம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்போம். சீக்கிரமே தறியை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறைக்க இனி எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"பேரைத்தான மறைச்சேன் டாக்டர், வீட்டை மறைக்கலையே!" என்று தங்கம்மா டாக்டர் தலையில் அடித்துக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதன் பிறகு எந்த வீட்டுக் கதவும் அவருக்குத் திறக்கவில்லை. சனிக்கிழமைக் கூட்டமும் நின்றது. கோவில் வாசலில் அவரைக் கண்டால் தாய்மார்கள் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினார்கள். அவரோ ஒவ்வொரு திருவிழாவிலும் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பையனைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறுதலாக நாலு வார்த்தை எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. இந்த வேலை இனி நடக்காது. என்னை நம்பி மட்டும் யார் கதவைத் திறக்கப் போகிறார்கள்? கடைசியாக நான் போனபோது அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தறியை வித்துட்டாவளே டாக்டர், அந்தப் பய இப்ப எப்படித் தூங்குதான்?" என்றார். தூங்குவான் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யென்று அவருக்கே தெரியும். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான்.