கடல்பஞ்சுக்குள் ஒரு குடித்தனம்

சேலையூரிலிருந்து கோவளத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு வருஷமாக, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அபிதகுஜாம்பாள் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறவள், வயது நாற்பத்தெட்டு.

வலையில் மாட்டி வரும் கடல்பஞ்சை மீனவர்கள் குப்பையென்று மணலில் வீசிவிடுவார்கள். மீன் விற்கும் முத்தாலம்மாள் அதைப் பொறுக்கி, இவளுக்காக வாளித் தண்ணீரில் போட்டுவைப்பாள்.

"இன்னா டீச்சர், வஞ்சிரம் கீது, சங்கரா கீது, எதையும் வாங்காம இந்த நாத்தத்தத் தூக்கிகினு போற?"

"உள்ளே ஒரு குடித்தனமே இருக்குக்கா."

இருந்தது. பஞ்சைப் பிய்த்தால் அதன் துளைகளுக்குள் அரிசிமணி அளவில் இறால்கள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பருமன். எந்தப் புத்தகத்து விவரத்தோடும் அவை முழுதாக ஒத்துப்போகவில்லை. வகுப்புகள் முடிந்த பிறகு நுண்ணோக்கியடியில் வால் முட்களை எண்ணினாள், கால் கணுக்களை அளந்தாள், ஒவ்வொன்றையும் பென்சிலால் வரைந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டது. புது இனம்தான் என்று உறுதியானதும் ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி அனுப்பினாள்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் படித்தாள். அதே இறாலுக்கு வேறொரு நாட்டுக் குழு மூன்று மாதம் முன்பே பெயர் வைத்துவிட்டதாம். அவள் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

"விட்டுடேன் அபிதா. யாரு கேக்கப் போறா?" என்றார் கணவர் ராஜகோபாலன்.

"யாரும் கேக்க மாட்டா." சண்டை போடவும் தெம்பில்லை.

ஒரு வாரம் ஆய்வகப் பக்கமே போகவில்லை. பிறகு, வேறெதிலும் மனம் ஒட்டாமல், அந்தக் குழுவின் கட்டுரையை வரிவரியாகப் படித்தாள். அவர்களுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று, எல்லாம் ஆண். பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் பதப்படுத்தி வைத்திருந்த புட்டிகளில் முட்டை சுமந்த பெண் இறால்கள் பதினொன்று இருந்தன.

மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை நாலே பக்கம்: இந்தக் கரையிலும் அது உண்டு, அதன் பெண் இப்படி இருக்கும். அது அச்சானது. நன்றி சொல்லும் பத்தியில் முத்தாலம்மாளின் பெயரும் இருந்தது.

கடற்கரையில் போனை நீட்டித் தொட்டுக் காட்டினாள்.

"எம் பேரா? அப்ப இறாலுக்கு உம் பேரு வெச்சாங்களா?"

"இல்லக்கா. வேற யாரோ முந்திட்டாங்க."

"அட, பேஜாராப் போச்சே!" முத்தாலம்மாள் மீன்கூடையை நகர்த்தி இடம்விட்டாள். "குந்து டீச்சர். வந்ததுலேந்து நின்னுகினே கீற."

அபிதகுஜாம்பாள் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.