கேரியர் மறைந்த இடத்தில்

இதைக் கதை என்று நினைத்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. நடந்தது. மாலை நேரத் தொழிற்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தபடி, எதையும் விடாமல் வரிசையாக எழுதுகிறேன். தவறு என்னுடையதா என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் எஃப்.எம். நிலையத்தில் அக்கா அறிவிப்பாளர். நான் தற்காலிக டெக்னீஷியன். ஒலி அளவு வரம்பு மீறுகிறது என்று ஒலிபரப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆய்வாளர் வருவார். ஒலி அளவைக் காட்டும் மாடுலேஷன் மானிட்டரின் முள் சரியாகக் காட்டாவிட்டால் உரிமம் போய்விடும். அப்பா படுக்கையில். வீடு அக்காவின் குரலில்தான் ஓடியது.

இரவு 7.40. ஸ்டூடியோ மைக்குகளின் இணைப்பைக் கழற்றினேன். டிரான்ஸ்மிட்டருக்குள் போவது ஒரே ஒரு சோதனை விசில். அதன் அளவை ஏற்றிக்கொண்டே போனால், ஹெட்போனில் கேட்கும் கேரியரின், அதாவது ஒலியைச் சுமந்து செல்லும் அலையின், ரீங்காரம் ஒருமுறை மறையும். மறுபடி வரும். இரண்டாவது முறை மறையும் இடம்தான் நூறு சதவீதம். அங்கே மானிட்டரின் திருகைத் திருப்பி முள்ளை நூறில் நிறுத்தி, திருகு அசையாதபடி ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அடைக்க வேண்டும். பாட்டில் அக்காவுடையது. "மிச்சம் வச்சுத் தாடா. உன் மிஷினுக்கு என்ன கல்யாணமா?" என்று கேலி செய்துதான் கொடுத்தாள்.

முதல் மறைவு. சரி.

இரண்டாவது... ரீங்காரம் போயிற்று.

அந்த இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

அளவைக் குறைத்தேன். மூச்சு இல்லை. ஏற்றினேன்.

"தம்பி..."

அக்கா குரல்.

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அக்கா அசந்து தூங்குகிறாள் என்றாள் அம்மா.

ஹெட்போன் இருந்த மறு காதில்...

"வேணாம்டா. அடைச்சிடாத."

8.15. எத்தனை முறை செய்தாலும் அதே இடம். அதே கெஞ்சல். அடைக்காமல் போனால் காலையில் உரிமம் போய்விடும், எங்களுக்குப் பிழைப்பு இல்லை.

அழுதுகொண்டே சொட்டு வைத்தேன்.

பூச்சு காய்ந்தது.

குரல் நின்றது.

காலையில் ஆய்வாளர் எல்லாம் சரி என்று திருகின் மேல் தன் முத்திரையை ஒட்டினார். ஒலிபரப்பு தொடங்கியது. பாட்டுக்கு முள் ஆடியது. அக்கா செய்தி வாசித்தாள். கண்ணாடிக்கு அப்பால் உதடுகள் அசைந்தன.

முள் பூஜ்யத்தில் கிடந்தது.

மைக்கை மாற்றினோம். அதே மைக்கில் நான் பேசினால் ஆடியது. ஆய்வாளர் தன் வண்டியில் இருந்த மீட்டரையும் பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க மிஷின் சரியாத்தான் இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு பேசினா மட்டும் காத்துல ஒண்ணுமே இல்ல."

அக்காவை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். முத்திரையைப் பிய்த்தால் நிலையத்தையே மூடுவார்கள்.

இருவரும் வீடு திரும்பினோம். சமையலறையில் அம்மா, திரும்பாமலே, செய்தி ஒரு வார்த்தை விடாமல் கேட்டதாகச் சொன்னாள்.

"எதுலம்மா கேட்ட?"

"அவ ரூம்லேருந்துதான்டா. இன்னும் வாசிச்சிட்டுத்தானே இருக்கா."

அக்கா என் பக்கத்தில் நின்றாள். வாய் மூடியிருந்தது.