பழகக் கூடாத சத்தம்

அம்மா வேலை பார்க்கும் ஷெட்டுக்குக் கூரை மாற்றும் ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வந்தது. என்ன தகடு போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை மேனேஜர் என்னிடம் விட்டார். விருதுநகரில் கூரை வேலை எடுத்துச் செய்கிற சின்ன கம்பெனி அது. நான் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் நான் ஒரு தாளில் எதை எழுதினாலும் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அது எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஷெட் விஸ்வநத்தம் பக்கம். வெடிமருந்துக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை. மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் அட்டைப்பெட்டி மடித்து ஒட்டுவது மட்டுமே வேலை. முப்பது பெண்கள் சாக்கு விரித்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் காம்பவுண்டு சுவரைத் தாண்டினால் பட்டாசு ஆலை. பெட்டி மடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் முன்னால் அந்த மாதிரி ஆலைகளில் இருந்தவர்கள்தான். அம்மாவும் அப்படித்தான். வாசலுக்கு முதுகு காட்டி அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட வேண்டும். என்ன ஏது என்று கேட்பதெல்லாம் மரத்தடிக்குப் போன பிறகுதான்.

பழைய சிமென்ட் ஷீட் கூரை, போல்ட் போட்ட ஓட்டை வழியாகவெல்லாம் ஒழுகியது. மடித்து அடுக்கிய பெட்டிகள் ஊறிப்போய், லோடு லோடாகத் திரும்பி வந்தன. "மேல ஒரு ஸ்க்ரூ தலை தெரியக் கூடாது தம்பி" என்றார் ஷெட் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் கேட்டதற்கு ஒரே பதில், ஓரங்களை நிமிர்த்தி ஒன்றோடொன்று பூட்டுகிற தகடு. பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் விளிம்புகள் மேல்நோக்கி வரம்பு மாதிரி நிற்கும். தண்ணீர் வரம்புக்கு நடுவே ஓடிவிடும். ஸ்க்ரூ எல்லாம் அடியில் மறைந்துவிடும்.

அதில் மூன்று வகையை எடுத்துக்கொண்டு அட்டவணை போட்டேன். சாயங்காலம் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவளுக்கும் விளக்கினேன். ஒரு வகையில், ஒரு தகட்டின் ஓரத்தை அடுத்ததன் மேல் வைத்து அழுத்தினால் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

"நாக்குச் சொருகுற பெட்டி" என்றாள் அம்மா.

இன்னொன்றில், இரண்டு ஓரத்தையும் சேர்த்து வைத்து, வரம்பு மேலேயே ஒரு மெஷினை ஓட்டி மடக்க வேண்டும். ஒரு மடிப்பு மடக்கலாம், இன்னும் இறுக்கமாக இரண்டு மடிப்பும் மடக்கலாம்.

"அது ஒட்டுப்பெட்டி. பிரிக்க முடியாது. நேரமும் ஆகும்."

இந்த இரண்டையும் அடியில் கிளிப்புகள் பிடித்திருக்கும். வெயிலில் நீளும்போது தகடு நகர்ந்துகொள்ள வசதியான கிளிப்புகளும் உண்டு. மூன்றாவது வகைக்குக் கிளிப்பே கிடையாது. தகட்டின் ஒரு ஓரத்தில் துளை வரிசை இருக்கும். அதில் நேராக இரும்புச் சட்டத்தோடு ஸ்க்ரூ அடித்துவிட்டால், அடுத்த தகடு வந்து மூடிக்கொள்ளும். வேலை மளமளவென்று முடியும்.

"இது என்ன, பெட்டியைத் தரையோட வச்சு ஆணி அடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன். சீசன் தொடங்கப் போகிறது, ஷெட்டை ரொம்ப நாள் மூடிப்போட முடியாது என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். சரிவு, மழை, காற்று, வேகம் என்று கட்டம் போட்டு மார்க் கொடுத்ததில் வேகம் ஜெயித்தது. வரம்புகள் குறைந்தால் வேலை இன்னும் குறையும் என்று, இருப்பதிலேயே அகலமான, நடுவில் புடைப்பு எதுவும் இல்லாத வழுவழுத் தகடாகப் பார்த்து எழுதினேன். முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை நாற்பது அடிக்கு ஒரே தகடு. இந்த வகை நீளம் குறைந்த கூரைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் தாளில் ஒரு வரி இருந்தது. படித்தேன். கடந்து போனேன்.

முதல் மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அம்மா ஷெட்டில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

மழை விட்டு வெயில் ஏறிய நாளில் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. நான் போனபோது முப்பது பேரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒருத்திக்கு முழங்கால் சிராய்த்திருந்தது.

"எஞ்சினியர் தம்பி, கூரைக்குள்ள சரவெடி எதுவும் வச்சுத் தச்சுட்டீகளா?" என்றாள் ஒரு அக்கா.

கொஞ்ச நேரம் உள்ளே நின்று பார்த்தேன். மேகம் ஒன்று விலகி வெயில் பட்டதும், தலைக்கு மேல் டப்பென்று ஒன்று வெடித்தது. தகடு சூட்டில் நீளப் பார்க்கிறது, ஸ்க்ரூ விடவில்லை, போக இடமில்லாமல் வயிறு உப்பித் தெறிக்கிறது. காரணம் எனக்கு உடனே புரிந்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன். "தகடுன்னா வெயிலுக்குச் சத்தம் போடும்ப்பா. ஒழுகலைல்ல? போகப் போகப் பழகிரும்னு சொல்லிட்டு வா" என்றார்.

மரத்தடிக்குப் போய் அதையே சொன்னேன். "பழகிரும்க்கா." அம்மா என் முகத்தைப் பார்த்தாள். முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மூன்று வாரம் கழித்து, கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய் பொருத்தும் வேலையாக மறுபடி போனேன். பத்தரை மணி இருக்கும். மேலே டப்பென்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. முப்பது தலையில் ஒன்றுகூட நிமிரவில்லை. பசை தடவுகிற கை தடவிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் மட்டும் பெட்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"உக்காருத்தா" என்றாள் அம்மா. "அது எம் மகன் போட்ட கூரை."

நான் சொன்னபடியே பழகிவிட்டார்கள். இனி சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டாலும் கூரை என்றுதான் நினைப்பார்கள். ஓடுகிற அந்தப் பழக்கத்தை இத்தனை வருஷத்தில் எதுவும் அவர்களிடமிருந்து எடுத்ததில்லை. நான் மூன்றே வாரத்தில் எடுத்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டில் அம்மாவிடம் கேட்டேன்.

"மொத வாரம் எல்லாரும் ஓடத்தான் செஞ்சாக" என்றாள். "நாந்தான் சேலையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். ஒம் பேருக்கு ஒண்ணு வந்திரக் கூடாதுல்ல."

"நெசமாவே பக்கத்து ஆலையில சத்தம் வந்தா?"

"அது வேற மாதிரி கேக்கும். தெரியும்."

"எப்பிடிம்மா தெரியும்?"

வீட்டிலும் அவள் எப்போதும் வாசலோரம்தான் உட்காருவாள். அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் போய், தகட்டைத் தேர்ந்தெடுத்தது தப்பு, அந்தத் தப்பு என்னுடையது, மாற்றவேண்டும் என்றேன்.

"ஒழுகலையேப்பா. சத்தமும் இவுகளுக்குப் பழகிருச்சு."

"அதுதான் அண்ணாச்சி பயமா இருக்கு. இனி எந்தச் சத்தத்துக்கும் எந்திரிக்க மாட்டாக."

அவர் எழுந்துபோய் ஷெட் வாசலில் நின்றார். கூரை ஒரு தடவை தெறிக்கிற வரைக்கும் நின்றார். முப்பது பேரும் குனிந்தபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து, "ஒங்க கம்பெனில நீயே சொல்லிருதியா, நான் சொல்லணுமா?" என்றார்.

நானே சொன்னேன். மேனேஜர் என் அட்டவணையை எடுத்து மேஜையில் போட்டார். "சத்தம்னு ஒரு கட்டம் எந்த ஊர் அட்டவணையிலயும் கிடையாதேப்பா" என்றார். நீளம் பற்றிய அந்த ஒரு வரியைக் காட்டி, படித்துவிட்டுத்தான் விட்டேன் என்றேன். வெகுநேரம் திட்டினார். இனி என் அட்டவணை எதுவும் அவர் பார்க்காமல் வெளியே போகாது என்றார். ஆனால் ஆள் அனுப்பினார்.

சீசன் நடுவில் ஷெட்டைப் பாதி பாதியாக ஒதுக்கி வேலை செய்தோம். இந்தத் தடவை அகலம் குறைந்த தகடு. நடுவில் இரண்டு சின்னப் புடைப்பு. அடியில் நகர்ந்து கொடுக்கிற கிளிப். ஓரங்களை மெஷின் வைத்து இரண்டு மடிப்பு மடக்கினோம். வேலை நடந்த நாளெல்லாம் அந்த அக்கா கேலியை விடவில்லை. "ஏ, ஒம் மகன் மேல உக்காந்து ஒட்டுப்பெட்டி செய்யுறாக, கூலி எம்புட்டுன்னு கேளு."

முடிந்த பிறகு மூன்று நாள் வெயில் ஏறுகிற நேரத்துக்குப் போய் உள்ளே நின்றேன். எப்போதாவது கிர்ரென்று ஒரு நகர்வு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் பதினோரு மணி வாக்கில் பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. தலையைத் தூக்கி ஒவ்வொரு வரம்பாகப் பார்த்தேன். எதுவும் உப்பவில்லை, எதுவும் ஆடவில்லை. அப்புறம் ரோட்டிலிருந்து லாரிக்காரர் ஒருவர் டயரைத் திட்டுகிற குரல் கேட்டது.

தலையை இறக்கிப் பார்த்தபோது ஷெட்டில் ஒரு ஆள்கூட இல்லை. பாதி மடித்த பெட்டிகள் சாக்கின் மேல் கிடந்தன. பசைக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நான் சிரித்திருப்பேன் போல.

வாசலுக்கு வெளியே அம்மா மூச்சிரைக்க நின்றாள். மரத்தடி வரைக்கும் போய், நான் வராததைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

"ஏலே, அங்கன என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? வெளிய வாலே."

"டயரும்மா. லாரி டயரு."

"டயரா இருந்தா வெளிய வந்து சொல்லு" என்றாள்.

நான் வெளியே போனேன்.