ஏழு வீட்டுக்கும் ஒரே எழுத்து

இந்திராணி மேடம் காலமான செய்தி எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் தென்னூரில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவருக்கு மெமோ கொடுத்த பழைய தலைமையாசிரியரும் 'நேர்மையின் மறுபெயர்' என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளிக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் ஸ்ரீரங்கத்தில் எங்கள் பள்ளியின் கிளார்க். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போடுவோம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரே டி.சி. கேட்பதாகக் கடிதம் வாங்கிவிடுவோம். அந்த வருஷம் கடிதங்களை எழுதியவன் கணக்கு வாத்தியாரான நான்தான். பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டார்கள்.

ஏழு கடிதங்களையும் மேடத்தின் மேஜையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார்.

"ஏழு வீட்டுலயும் குடும்பச் சூழ்நிலை காரணமா சார்? ஏழு பேருக்கும் எழுத்து உங்க எழுத்து மாதிரியே அழகா இருக்கே."

"எப்பவும் பண்றதுதானே மேடம்."

"டி.சி.யில விலகும் காரணம்னு ஒரு இடம் இருக்கு. நாங்களே துரத்துனோம்னு எழுதட்டுங்களா?"

ஏழு பேரில் ஒருத்தி கோமதி. திருவெள்ளறைப் பக்கமிருந்து வருவாள். அம்மா கிடையாது. அப்பா நடவுக்குப் போகும் நாட்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள லீவு போடுவாள். மேடம் அந்த அப்பாவை வரவழைத்து, கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"பரீட்சைக்குத்தான் கையெழுத்துன்னு நெனச்சேங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மேடத்துக்கு மெமோ வந்தது. பெற்றோர் தாமாக வந்து கேட்டால் அன்றே டி.சி. தருவதாக ஒரே வரியில் பதில் எழுதினார். ஒருவரும் வரவில்லை. ஏழு பேரும் பரீட்சை எழுதினார்கள்.

கோமதி கணக்கில் தேறவில்லை. நூறு சதவீதம் போயிற்று. எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர், "உங்களாலதான்" என்று கத்தினார்.

"ஃபெயிலானாலும் நம்ம பிள்ளையா ஃபெயிலாகட்டும் சார். அப்பத்தான் திரும்ப எழுத நம்மகிட்ட வரும்" என்றார் மேடம், குரலை உயர்த்தாமல்.

வந்தாள். துணைத்தேர்வு வரை தினமும் மேடத்தின் மேஜைக்கு எதிரில் அவளை உட்காரவைத்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். தேறிவிட்டாள். இப்போது தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை. மேடத்தை எடுப்பதற்குள் வந்துவிட வேண்டுமென்று யூனிஃபார்மோடு ஓடிவந்தவள், "என் பேர அடிக்க விடலையே சார் இவங்க" என்று அழுதாள். நானும் அழுதேன்.

மெமோ வந்த அன்றைக்கே மேடம் அந்த ஏழு கடிதங்களையும் என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்தார். "உங்க எழுத்து சார், நீங்களே வச்சுக்குங்க." கிழித்துப்போட மனம் வரவில்லை. பீரோவில் இன்னும் இருக்கின்றன. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவைதான்.

நேற்று இப்போதைய தலைமையாசிரியர் என்னிடம் மெல்லக் கற்போர் பட்டியல் கேட்டார். வகுப்பில் இருக்கும் அத்தனை பெயரையும் எழுதி, மேலே 'பொதுத்தேர்வு எழுதுவோர்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மெமோ வரட்டும்.