தனி அடுப்புக்குச் சம்மதம்

யோங் பெங்கில் எங்கள் வீட்டுக்கு ஒரே அடுப்பு, ஒரே அரசர். அரசர் என் பெரியப்பா. அவருக்குப் புளி ஆகாது என்பதால் அண்ணன் தம்பி மூவரின் குடும்பத்துக்கும் புளிக்குழம்பு கிடையாது. சமைப்பது பெரியம்மா. அம்மாவும் சித்தியும் நறுக்கலாம், கழுவலாம், கரண்டியைத் தொடக்கூடாது.

தனி அடுப்பு ஆசையில் அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. ஒருநாள் துணிந்து கேட்டேவிட்டார். பெரியப்பா கோபப்படவில்லை.

"ஞாயித்துக்கெழம எல்லாரையும் கேப்போம். ஒருத்தர் வேணாம்னாலும் அதோட இந்தப் பேச்ச விட்டுடணும்."

சித்தி இருக்கிற தைரியம் அவருக்கு. சித்தி பெரியம்மாவின் கூடப்பிறந்த தங்கை. இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். சித்தியும் புளிக்குழம்புக்கு ஏங்கியவர்தான். அதற்காக, அக்காவின் முகத்துக்கு நேராக அவர் எப்படித் தனி அடுப்புக்குத் தலையாட்டுவார்?

ஆறாம் படிவம் படித்த என் அக்கா, வரலாற்றுப் பாடத்தை வீடே அதிர மனப்பாடம் செய்வாள். அன்று, பிரிட்டிஷ் அரசரை விட்டுப் பிரிய அமெரிக்கக் குடியேற்றங்கள் ஒத்துக்கொண்ட கதை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"இஷ்டமில்லாதவங்க யாருமே இல்லயாடி?"

"இருந்தாங்கமா. பென்சில்வேனியாவுல ரெண்டு பேரு. ஓட்டெடுப்பு அன்னிக்கு அவங்க சபையில உக்காரவே இல்ல. அதனால அந்த ஊரும் சரின்னுடுச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி கருவாடு வாங்கக் கடலோர மெர்சிங்குக்குக் கிளம்பினார். எங்கள் ஊர்ப் பாசாரிலேயே கருவாடு மலையாகக் கிடக்கும். ஒன்றுமறியாத பெரியம்மா, வழியில் சாப்பிட நாசி லெமாக் பொட்டலம் கட்டிக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டு வந்தார். எனக்குச் சித்திமேல் ஆத்திரமாக வந்தது.

பெரியப்பா கேட்டார். அப்பா சரி என்றார், சித்தப்பா சரி என்றார், அம்மா அவர் கேட்டு முடிக்குமுன்பே சரி என்றார்.

"ஒந் தங்கச்சி எங்க?" என்று பெரியம்மாவிடம் திரும்பினார்.

"மெர்சிங் போயிருக்கா."

"அலமாக், அவ இல்லாம எப்படி லா?"

"இருக்கிறவங்களத்தானே கேக்க முடியும்," என்றார் பெரியம்மா.

"சரி, நீ என்ன சொல்ற?"

"எல்லாரும் பிரியணும்னு நிக்கிறாங்க. நான் மட்டும் வேணாம்னா நல்லாவா இருக்கும்?" என்று பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம் இன்னும் இரண்டு அடுப்புகள் வந்தன. எங்கள் வீட்டில் முதல் புளிக்குழம்பு கொதித்த அன்று, பெரியம்மா மத்தியானம் படுத்து விளக்கு வைக்கும் நேரம் வரை குறட்டை விட்டுத் தூங்கினார். அவர் பகலில் படுத்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. துக்கம் தாங்காமல் படுத்துவிட்டார் என்று நினைத்து, அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.