போக மூன்று, வர இரண்டு

மரகதம் எங்கே போனாலும் அவள் காது மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும். குழாயடியில் பக்கத்து வீட்டு இந்திராணி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள், பாதிதான் ஏறும். மீதி கவனமெல்லாம் டாலிகஞ்சில் தகரக் கூரை போட்ட அந்த வீட்டுக் கதவில். கதவுக்கு வெளியே பூட்டு. உள்ளே மகள் சந்திரமதி, ஒன்பது வயசு.

சந்திரமதி நாலு வயசுக்கு மேல்தான் நடந்தாள். பேச்சு இன்னும் வாய்க்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது; பெற்றவளுக்குத்தான் புரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தெருவில் இறங்கிப் போனவளை, "பாகல், பாகல்" என்று இந்தியில் பைத்தியப் பட்டம் கட்டிப் பையன்கள் சேற்றை வாரி அடித்துத் துரத்தினார்கள். அன்றைக்கு வந்தது அந்தப் பூட்டு. கூட அழைத்துப் போனாலும் நிம்மதி கிடையாது. கல்யாண வீட்டில் "ஐயோ பாவம்" என்று ஒரு லட்டைக் கையில் திணிப்பார்கள், அதே கையோடு தங்கள் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

மரகதத்தின் கணவர் திருநாவுக்கரசுக்குச் சாத்தம் மரமில்லில் வேலை. கெட்ட மனுஷர் இல்லை. மெட்ராஸில் இருக்கிற அவர் அண்ணன், இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தார். படுக்கை, சாப்பாடு, டாக்டர் எல்லாம் உண்டாம்.

"இங்கே நாம பூட்டித்தானே வைக்கிறோம். அங்கே ஆள் போட்டுப் பாத்துக்குவாங்க" என்றார் திருநாவுக்கரசு.

பூட்டின் சாவி மரகதத்தின் இடுப்பில்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டாள்.

மெட்ராஸ் போகும் கப்பல் தீவுக்கு வந்தது. அவருக்கு ஷிப்ட் என்பதால் டிக்கெட்டுக்கு அவளே போக வேண்டியதாயிற்று. கவுண்டரில் இருந்த கிளார்க், தமிழர்தான், கம்பி வழியாக நிமிர்ந்து பார்த்தார்.

"போறது மூணு பேர், வர்றது ரெண்டா? சரியாத்தான் சொல்றீங்களாம்மா?"

"ஆமா சார்."

"பாப்பா அங்கேயே படிக்கிறாளா?"

மரகதம் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் வீடு திரும்பும் பஸ்ஸிலும் நிற்காததுபோல் இருந்தது. தீவை விட்டு மெயின்லேண்ட் போக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. அடுத்த தடவை போய் எதிரே நின்றால் சந்திரமதிக்கு அடையாளம் தெரியுமா? தெரிந்தால், திரும்பி வரும்போது விடுவாளா? எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடந்தது. பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

கிணற்றடி, வாய்க்கால், ரோட்டு வளைவு என்று ஓடினாள். கடைசியில் வீட்டுக்கு எதிரே இருந்த அப்துல் கனி மளிகைக் கடையின் கொல்லைப்புறத்திலிருந்து ஓர் அதட்டல் கேட்டது. கடைக்காரர் மனைவி ஜன்னத் பீவியின் குரல்.

"ஏய், கோழிக்கு அரிசி போட்டது போதும். கையை எடு. எடுன்னா எடுக்கணும்."

சந்திரமதியின் கையில் ஜன்னத் பீவி ஒரு தட்டு தட்டினாள். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கையை எடுத்தாள்.

"வா மரகதம். பூட்டை நான்தான் உடைச்சேன், எடைக்கல்லால. கோபம்னா உக்காந்து கோபப்படு, மூச்சு வாங்குது பாரு."

"எதுக்குக்கா..."

"பிள்ளை கதவைப் போட்டு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எம் பிள்ளைங்களை அந்தப் பக்கம் போகாதீங்கன்னும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னிக்கு என்னால முடியலை, அவ்வளவுதான். இனி வெளியே போனா இங்கே விட்டுட்டுப் போ. தூக்கிக்கிட்டா ஓடப் போறேன்? எனக்கு இருக்கறதே ஆறு."

பரிதாபப்பட்டவர்களை மரகதம் நிறையப் பார்த்திருக்கிறாள். தன் மகளைத் தன் பிள்ளைபோல அதட்டிய ஆளை இப்போதுதான் பார்க்கிறாள்.

புதுப் பூட்டு வாங்கவில்லை. ஆனால் மனசு அடங்கவில்லை. சந்திரமதியைக் கடையில் விட்டுவிட்டுப் பாதி வழி போவாள், திரும்பி வந்து எட்டிப் பார்ப்பாள். "இருக்கா, இருக்கா, போ" என்று ஜன்னத் பீவி விரட்டுவாள். கப்பலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி முடிந்தால் புறப்பட்டுவிடும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கையில், சாயங்காலம் இந்திராணி தன் மகனை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"உங்க பொண்ணு பண்ணின வேலையைப் பாருங்க. கடிச்சு வச்சிருக்கு."

போன மாதமாக இருந்தால் மரகதம் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இப்போது வாயில் வேறு வந்தது.

"சும்மா கடிக்க மாட்டா. இவன் என்ன பண்ணினான்னு கேளு."

பையன் தரையைப் பார்த்தான். "தேங்காய்ச் சில்லைப் பிடுங்கினேன். பாகல்னேன்."

"அதுக்குக் கடிக்கிறதா?" என்றாள் இந்திராணி.

"கடிச்சது தப்புத்தான். எம் பொண்ணை நான் அடிக்கிறேன். பிடுங்கினவனை நீ அடி."

பேச்சு வளர்ந்தது. போன வருஷம் குழாயடியில் நடந்த சண்டைவரை போனது. கடையிலிருந்து ஜன்னத் பீவி, "விளக்கு வைக்கிற நேரத்துல கத்தாதீங்கடி, யாவாரம் கெடுது" என்று குரல் கொடுத்த பிறகுதான் இந்திராணி போனாள்.

ஷிப்ட் முடிந்து வந்த திருநாவுக்கரசு, சட்டைப் பொத்தானில் வைத்த கையோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயோ பாவம்" என்று சொல்லாமல் தன் மகளைப் பற்றி ஒருவர் புகார் சொல்லி அவர் கேட்டது இதுதான் முதல்.

சாப்பிடும்போது கேட்டார். "நமக்கப்புறம் இவளுக்கு யாரு மரகதம்?"

"தெரியலைங்க. அங்கே கொண்டு விட்டா மட்டும் தெரிஞ்சிடுமா? நாம இருக்கிறப்பவே யாரும் இல்லாம ஆயிடுவா."

மறுநாள் காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது அவர், "அந்த டிக்கெட்டைக் கொடு. வர்றதையும் மூணாக்கிட்டு வரேன். ஊரைப் பாத்துட்டு வரட்டும்" என்றார்.

"கிளார்க் கேட்டா?"

"மில்லுக்காரனுக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்றேன்."

அவர் போனதும் அவளுக்கு அடுத்த கவலை. கவுண்டர் திறந்திருக்குமோ, திரும்பி வர இடம் இருக்குமோ, வழியிலேயே மனசு மாறிவிடுவாரோ. வீட்டில் உட்கார முடியவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சந்திரமதியையும் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துப் போனாள்.

வரிசையில் நின்ற இந்திராணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வரிசை ஓரடி நகர்ந்ததும், திரும்பாமலேயே சொன்னாள்.

"பிள்ளையை வெயில்ல நிறுத்தாதீங்க. இந்தப் பக்கம் நிழல் இருக்கு."