கைநாட்டு செல்லாது

எனக்குக் கையெழுத்து அழகு. அதனால் பள்ளியில் அறிவிப்புப் பலகை எழுதுகிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். கொரோனாவுக்குப் பிறகு ஒன்பது, பத்தாம் வகுப்புகளைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தபோதும் தலைமையாசிரியர் என்னைத்தான் கூப்பிட்டார். மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் நடுவே, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த பள்ளி எங்களுடையது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முகக்கவசம், ஆறடி இடைவெளி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம். நான்காவது விதி இது: "கடிதத்தில் கையெழுத்து மட்டுமே. மை பேட் வைக்கப்படாது. கைநாட்டு செல்லாது."

ஊரார் விரலெல்லாம் ஒரே மையில் பட்டால் தொற்றிக்கொள்ளுமாம். எழுதி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று வரி கோணாமல் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்கவில்லை.

நான் பாதுகாப்புக்கு விரோதி இல்லை. இரண்டாவது அலையில் அண்ணனைப் பறிகொடுத்தவள். ஆனால் பாதுகாப்பு என்ற பேரில் எங்கள் பள்ளியில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கை கழுவப் புதிதாக ஆறு குழாய் வைத்தார்கள். மோட்டார் ஓடாததால் ஒன்றிலும் தண்ணீர் வரவில்லை. போட்டோ எடுக்க மட்டும் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மழையில் ஊறி இறுகிப்போன ஜன்னல்களைத் திறக்கத் தச்சரைக் கூப்பிடுங்கள், காற்றாவது வரட்டும் என்றேன். "அது சர்க்குலர்ல இல்லீங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். அதே வாரம் ரேஷன் கடையில் ஊரே ஒரே மெஷினில் கட்டைவிரலை அழுத்திச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே செல்லுகிற விரல் எங்கள் பள்ளியில் செல்லாது.

திறந்த அன்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடிதத்தோடு கேட்டில் நின்றாள். நான் எடுக்கும் கணக்குப் பாடத்தில் அவள்தான் முதல். அப்பா இல்லை. அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். வீட்டில் போன் கிடையாது. பள்ளி மூடிக் கிடந்த மாதங்களில் இவளும் அம்மாவோடு இறங்கி நாற்று நட்டிருக்கிறாள். திருப்பூர் மில்லுக்கு ஆள் ஏற்றும் வேன் திங்கட்கிழமை வருகிறது என்றும், அதற்குள் பள்ளியில் சேர்த்துக்கொண்டால் போக வேண்டாம் என்று அம்மா சொல்லியிருப்பதாகவும் கேட்டில் கடிதம் வாங்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியரிடம் ஒரே மூச்சில் சொன்னாள். கடிதத்தில் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாக இருந்தது.

"அம்மாவுக்குக் கைநாட்டுதாங்க சார். மை பேட் குடுத்தீங்கன்னா கூட்டியாந்து வைக்கச் சொல்றேன்."

"போர்டப் படிச்சியா இல்லியா?" என்றார் தலைமையாசிரியர். "பத்தாவது படிக்கிற புள்ள, அம்மாவுக்கு ஒரு கையெழுத்து சொல்லிக் குடுக்க முடியாதா? போ, போட்டு எடுத்துட்டு வா."

மறுநாளும் வந்தாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வரவில்லை என்றாள். தலைமையாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் அப்பா அம்மா கையெழுத்தைத் தாங்களே கிறுக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்கு அது தெரியாதா? அதெல்லாம் செல்லுபடியானது. உண்மையைச் சொன்னவள் வெளியே நின்றாள். நான் வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. நனைந்தால் கரைந்தா போயிருப்பேன்? போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் கடையில் ஒரு மை பேட் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். அவள் ஊர் வயலில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் அம்மா நாற்றை வைத்துவிட்டு வரப்போரம் வந்தார்.

"வாங்க டீச்சர். அவ வெள்ளனவே வேன்ல போயிட்டாளே."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னத்தங்க சொல்றது? எங்க வெரலு படக் கூடாதுன்னு போர்டுலயே எழுதிப் போட்டிருக்காங்கன்னு புள்ள வந்து சொல்லிச்சு. எங்கம்மா காலத்துல வாயால சொல்லுவாங்க. இப்ப எழுதியே போட்டுட்டாங்க. அதுக்கு மேல எங்களுக்கு அங்க என்னங்க வேல?"

அது நோய்க்காகச் சொன்னது என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா தப்பாகப் புரிந்துகொண்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அத எழுதுனது நான்தாங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "டீச்சர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருக்கும் புள்ள" என்று சொல்லிவிட்டு, நாற்றுமுடியை எடுத்துக்கொண்டு நடவுக்குத் திரும்பினார். மை பேட் கைப்பையிலேயே கிடந்தது.

அன்றைக்கே நான்காவது விதியை அழித்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். கடிதக் கோப்பைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் கையெழுத்து இருந்தது. "ஒரு புள்ளைக்குக்கூட தொத்து இல்ல. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்று தலைமையாசிரியரைப் பாராட்டினார்.

"ஸ்கூலுக்கே வராத புள்ளைக்கு இங்க எப்படிங்க சார் தொத்தும்?" என்று கேட்டேன்.

தலைமையாசிரியர் என்னை அடக்குவதற்காக லேசாக இருமினார். அதிகாரி பதறிப்போய் நாற்காலியை இரண்டடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.